சொட்டு நீலம்

வாய்க்கால் தண்ணீரில் நீலம் இருக்கிறது. நிஜமாகவே இருக்கிறது, கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்க்கிறேன், இடது கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறேன், இருக்கிறது. இப்போது வலது கண்ணை மூடி இடது கண்ணால் பார்த்தால் காணோம், டீத்தண்ணிதான் ஓடுகிறது. மறுபடி வலது. வானம் அப்படியே இறங்கி வரப்போரம் படுத்திருக்கிறது. மறுபடி இடது. டீக்கடை வடிகட்டி. ஒரே வாய்க்கால், ஒரே காலை, ஒரே மங்கையர்க்கரசி, கண்ணுக்கு ஒரு ஊராக இரண்டு ஊர். “மங்கை, கண்ணாடியப் போடு. ஒரு மாசத்துக்குக் கழட்டக் கூடாதுன்னு ஆஸ்பத்திரி அட்டையில எழுதியிருக்கு” என்கிறார் என் வீட்டுக்காரர், பின்னால் நின்று எனக்குக் குடை பிடித்தபடி. கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், எழுதியிருப்பதை மீறினால் தணிக்கைக்கு ஆள் வரும் என்று இன்னும் நம்புகிறவர். போடுறேங்க, ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு மறுபடி இடது, மறுபடி வலது. அறுபது தாண்டியவள், பள்ளிக்கூடத்தில் இரண்டு தலைமுறைக்கு டிராயிங் சொல்லிக்கொடுத்தவள், வரப்பின் மேல் முக்காலி போட்டு உட்கார்ந்து ஒற்றைக்கண் ஆட்டம் ஆடுகிறேன். பார்க்கிறவர்கள் டீச்சருக்குக் கண்ணோடு சேர்த்து வேறு எதையோ எடுத்துவிட்டார்கள் என்று பேசிக்கொள்வார்கள். பேசட்டும். எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது, பயத்தில் பாதி, சந்தோஷத்தில் பாதி, எது எந்தப் பாதி என்று தெரியவில்லை.

போன வாரம் தஞ்சாவூரில் வலது கண்ணுக்குப் புரை எடுத்தார்கள். இடது கண்ணுக்கு இன்னும் இரண்டு மாதம் கழித்து. கட்டுப் பிரித்தபோது ஆஸ்பத்திரிச் சுவர் வெள்ளையாக இருந்தது, நர்ஸ் உடுப்பு வெள்ளையாக இருந்தது, சரி, ஆஸ்பத்திரி என்றால் அப்படித்தானே என்று விட்டுவிட்டேன், உடனே கறுப்புக் கண்ணாடியையும் மாட்டிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து மறுநாள் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட இவர் குனிந்தபோதுதான், கண்ணாடி இல்லாத அந்த ஒரு நொடியில், இவர் இடுப்பிலிருந்து கால் வரை ஒரு வானம் நிற்கிறது. “ஏங்க, என்னங்க இது வேட்டி, இப்படி நீலமா இருக்கு?” “நீதான் போடுற.” “நான் எப்பப் போட்டேன்?” “அஞ்சாறு வருஷமா போடுறியே. சொட்டு நீலம். ஒரு பாட்டில் ஒரு வாரம்கூட வரமாட்டேங்குது.” “நீங்க சொல்லக் கூடாதா?” மருந்து பாட்டிலை மூடிவிட்டுச் சொல்கிறார், “உனக்கு அப்படித்தான் புடிச்சிருக்குன்னு நெனச்சேன்.” அய்யோ, இந்த மனுஷர் இந்த வேட்டியைக் கட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார், கோயிலுக்குப் போயிருக்கிறார், சங்கத்தில் இவருக்குப் பிரிவு உபசார விழா நடத்தியபோது மேடையில் மாலையோடு உட்கார்ந்திருக்கிறார். ஊரே பார்த்திருக்கிறது. எனக்கு மட்டும் அது எப்போதும் மஞ்சளேறிப்போன வேட்டி. மஞ்சளாக இருக்கிறதே, நம் வீட்டு வேட்டி மட்டும் ஏன் இப்படி இருக்கிறது என்று இன்னும் ஒரு சொட்டு, இன்னும் ஒரு சொட்டு. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, சிரிக்கக் கூடாது என்று அட்டையில் இருக்கிறதா என்று இவர் அட்டையைத் தேட, அதற்கு வேறு சிரிப்பு. அன்றைக்குச் சிரித்ததோடு நிறுத்தியிருக்கலாம். அடுத்ததாக என்ன நினைக்க வேண்டியிருக்கும் என்று அப்போதே எனக்கு உள்ளே தெரிந்துவிட்டது, அதனால்தான் படங்கள் இருக்கும் அறைப் பக்கம் நான்கு நாள் போகவே இல்லை.

இன்று காலையில் போனேன். போகாமல் முடியாது, பக்கிரிசாமி அண்ணன் இன்று வருகிறார். ரைஸ் மில் பக்கிரிசாமி. வருடா வருடம் பொங்கலுக்கு வாடிக்கைக்காரர்களுக்கு மில் காலண்டர் கொடுப்பார், சாமி படம் போட்டு. வருகிற பொங்கலுக்காகத்தான் போன வருடம் ஐப்பசியிலேயே திடீரென்று வந்து, “சாமி எல்லார் வீட்டுலயும் இருக்கு டீச்சர், நம்ம வயல்தான் யார் வீட்டுலயும் இல்ல. தை மொதக்கொண்டு மார்கழி வரைக்கும் மாசத்துக்கு ஒண்ணா வயல் போட்டுக் குடுங்க” என்றார். அறுப்பு, அறுத்த தாளில் உளுந்துச் செடி, சித்திரையில் வெடித்த நிலத்தில் ஆட்டுக்கிடை, ஆடியில் வாய்க்காலுக்கு முதல் தண்ணீர் நுரைத்துக்கொண்டு வருவது, நடவு, களையெடுப்பு, மார்கழிப் பனியில் தலை சாய்ந்த கதிர். பதினொன்று முடிந்துவிட்டது. மாதா மாதம் வந்து பார்த்துவிட்டு, “டீச்சர் போடுற வயல்தான் வயல். போட்டோக்காரன் போடுறதெல்லாம் பொய்” என்பார். அந்தப் பதினொன்றையும் இன்று காலையில் சுவரோரம் வரிசையாக வைத்துவிட்டு, ஜன்னலைத் திறந்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றினேன். பழைய சாம்பார். பதினொரு படமும் பழைய சாம்பார். சித்திரை மட்டும் அப்படியிருந்தால் பரவாயில்லை, நடவும் அப்படியே, ஆடித் தண்ணீரும் அப்படியே, அடைமழை வானம்கூடக் காய்ந்த கோரைப்பாய் மாதிரி விரிந்து கிடக்கிறது. பெட்டியைத் திறந்து பார்த்தால் எல்லோ ஓக்கர் என்கிற மண்மஞ்சள் டியூப் சப்பையாகக் கிடக்கிறது, பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பும் சப்பை, நீலம் மட்டும் கடையிலிருந்து வந்த மேனிக்குக் கொழுகொழுவென்று உட்கார்ந்திருக்கிறது. வேட்டிக்கு அத்தனை நீலம் போட்டவள் வானத்துக்கு ஏன் போடவில்லை என்று அங்கேயே நின்று யோசித்தேன். வேட்டி வெள்ளையாக இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும், அதனால் கண்ணை நம்பாமல் போட்டேன். வயல் எப்படி இருக்க வேண்டும் என்று யார் சொல்வது, கண்ணில் பட்டதைப் போட்டேன். மனசுக்குத் தெரிந்ததைப் போடாதே, கண்ணுக்குத் தெரிவதைப் போடு என்று எத்தனை பிள்ளைகளின் தலையில் ஸ்கேலால் தட்டியிருக்கிறேன். அந்தப் பிள்ளைகள் இன்று வந்து என் தலையில் தட்டலாம்.

இதில் பெரிய கூத்து அந்த அந்தி. மெட்ராஸிலிருந்து ஒருவர் வந்து, கும்பகோணத்தில் கண்காட்சி வைத்திருந்த என் படங்களைப் பார்த்துவிட்டு ஒரு பத்திரிகையில் எழுதினார், மங்கையர்க்கரசியின் வயல்களில் எந்நேரமும் ஓர் அந்தி கவிந்திருக்கிறது என்று. முதலில் எனக்குப் புரியவில்லை, நான் காலையில்தானே போட்டேன், இவர் ஏன் அந்தி என்கிறார். அப்புறம் இரண்டு பேர் சொன்னார்கள், நான்கு பேர் சொன்னார்கள், கடைசியில் நானே மைக்கைப் பிடித்து, என் அந்தி, நிலத்தின் முதுமை, அது இது என்று பேசினேன். கைதட்டினார்கள். படம் வாங்க வந்தவர்கள், அந்த வெயில் வேண்டும், அதே வெயிலில் எங்கள் தோப்பைப் போட்டுக் கொடுங்கள் என்றார்கள். அந்த வெயிலைப் போன வாரம் ஒரு டாக்டர் கால் மணி நேரத்தில் உறிஞ்சி எடுத்து வெளியே போட்டுவிட்டார். இன்னும் ஒன்று இடது கண்ணில் மிச்சம் இருக்கிறது. அதையும் எடுத்துவிட்டால் நான் யார். சரி, எடுக்காமல் வைத்துக்கொண்டால், வலது கண்ணுக்கு நீலம் தெரிந்துவிட்ட பிறகு இடது கண்ணை வைத்துப் பிழைப்பு நடத்துகிறவள் யார். காலையிலிருந்து இதே இடத்தில் மனசு முள்ளில் மாட்டிய முந்தானை மாதிரி மாட்டிக்கொள்கிறது, எடுத்துவிட்டால் நாலடி போய் மறுபடி மாட்டிக்கொள்கிறது. பக்கிரிசாமி அண்ணன் கேட்டது பன்னிரண்டும் ஒரே வெயிலில். மிச்சம் கார்த்திகை. கார்த்திகைக்கு நெல் பூப்பதைத் தவிர வேறு எதைப் போட. போன வருடம் பூவெடுக்கிற வாரம் முழுக்க மழை, அதனால்தான் இதைக் கடைசிக்குத் தள்ளி வைத்தேன். இந்த வருடம் ஒரு வாரம் கொட்டித் தீர்த்துவிட்டு நேற்றுத்தான் விட்டிருக்கிறது. இந்த வெயில் நாளைக்கு இருக்குமா என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் தூசி படக் கூடாது, குனியக் கூடாது, வெளியே போகக் கூடாது என்ற அட்டையையும் அட்டையைப் படித்தவரையும் இழுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

வயல்காரர் கலியமூர்த்தியின் மனைவி அஞ்சம்மாள் அந்தக் கோடியிலிருந்து குரல் கொடுக்கிறாள், “டீச்சர், வரப்போட இருங்க, வயல்ல எறங்கிடாதீங்க. பயிரு பூவெடுக்குற நேரம், மேல தட்டுச்சுன்னா பூவு உதுந்துடும், அப்புறம் பதருதான்.” இறங்கமாட்டேன், அஞ்சம்மா. இறங்குகிற தைரியம் எனக்கு எங்கே இருக்கிறது. நான் ஒரு முடிவோடுதான் வந்தேன், சொல்ல வெட்கமாக இருக்கிறது. வலது கண்ணை மூடிக்கொண்டு இடது கண்ணால் இந்த ஒரு படத்தைப் போட்டு முடித்துவிடுவது. பழைய கண், பழைய வெயில், பன்னிரண்டும் ஒன்றாகிவிடும், அண்ணன் எடுத்துக்கொண்டு போய்விடுவார், சிவகாசியில் அச்சாகிவிடும், அப்புறம் நடப்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். மூடினேன். படக் காகிதத்தைப் பலகையோடு தொடையில் வைத்து ஓக்கரைக் கலக்கினேன். கை தானாகப் போகிறது, பழகின மாடு வீட்டுக்குப் போகிற மாதிரி. வாய்க்காலை ஒரு தீற்று, வரப்பை ஒரு தீற்று. நன்றாகத்தான் வருகிறது, அதுதான் வயிற்றெரிச்சல், நன்றாக வருகிறது. அந்தி கவிகிறது. காலை பத்து மணிக்கு அந்தி. வெயில் ஏறி முதுகைச் சுடுகிறது, பின்னால் குடை இரண்டு பக்கமும் ஆடுகிறது, இவருக்குக் கை வலிக்கிறது போலிருக்கிறது. “மாத்திப் புடிச்சுக்குங்க” என்கிறேன். “நீ கண்ணத் தொறந்து வேலையப் பாரு” என்கிறார் இவர், ஒன்றும் தெரியாமல்.

திறந்துவிட்டேன். வேண்டுமென்று திறக்கவில்லை, பூ வாசம் வந்தது. நெல் பூவுக்கு வாசம் உண்டா என்று கேட்பார்கள், உண்டு, அரிசி களைந்த தண்ணீரை வெயிலில் வைத்தால் ஒன்று வருமே, அதற்குப் பக்கத்தில் ஒன்று. அது வந்ததும் தலை நிமிர்ந்து இரண்டு கண்ணும் திறந்துவிட்டது. வயல் முழுக்கப் பச்சை உமிகள் வாய் பிளந்துகொண்டிருக்கின்றன. ஒவ்வொரு வாயிலிருந்தும் பொடிப் பொடியாக நூல் தொங்குகிறது, வெள்ளை. வெள்ளை, கடவுளே, நெல் பூ வெள்ளையா. இத்தனை வருடமாக அது வைக்கோல் நிறம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை, அதற்கும் முன்னால், சின்ன வயதில் பார்த்திருப்பேன், வெள்ளை என்று தெரிந்திருக்கும், எப்போது அது வைக்கோலாகிப்போனது, எந்த நாளில், ஒரு நாளில் போயிருந்தால் பதறியிருப்பேனே, தினம் ஒரு சொட்டாகப் போயிருக்கிறது. காற்று ஒரு தடவை வந்து போகிறது, பயிர் மேல் மெல்லிசாக ஒரு புகை எழுந்து அடங்குகிறது, மகரந்தம்தான். அதற்குக் கீழே தாளெல்லாம் பச்சை, அந்தப் பச்சைக்குள் நீலம். நிழலில் நீலம், வரப்பு மண்ணின் ஈரத்தில் நீலம், தள்ளி நிற்கும் பனைமரத்துக்குப் பின்னால் நீலம், எங்கே பார்த்தாலும் ஊரையே ஒரு சொட்டு விட்டு அலசிப் போட்ட மாதிரி. கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. அழுகையா தூசியா. மகரந்தம் கண்ணில் விழுந்தால் என்ன ஆகும், சீழ் பிடிக்குமா, இந்தக் கண் போனால் மறுபடி எனக்கு டீத்தண்ணிதான், அது மட்டும் வேண்டாம், கண்ணாடியை இறக்கு, இறக்கு மங்கை. இறக்கினால் தெரியாது. இந்தப் பூ ஒரு மணி நேரம்தான் திறந்திருக்கும், அப்புறம் உமி மூடிக்கொள்ளும். பாதி போட்ட காகிதத்தை எடுத்துக் கீழே போட்டேன். புதுக் காகிதம். நீல டியூபின் மூடியைத் திருகினேன், திறக்கவில்லை, இறுகிப்போயிருக்கிறது. பல்லால் கடித்துத் திருகினேன். “பல்லு, மங்கை” என்கிறார் இவர். பல்லும் போகட்டுங்க.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. யாரோ என் கையைப் பிடித்துப் போடவைக்கிற மாதிரி என்றெல்லாம் சொல்லமாட்டேன், மைக்கில் அப்படிப் பேசியிருக்கிறேன், பொய். என் கைதான், பழக்க தோஷத்தில் ஓக்கருக்குப் போகும், பிடித்து இழுத்துக்கொண்டு வருவேன். நிறைய இடம் காகிதத்தின் வெள்ளையாகவே விட்டுவிட்டேன், பூவுக்கு அதைவிட நல்ல நிறம் என்னிடம் இல்லை. படத்தில் வெளிச்சம் இப்படி வந்து என் வாழ்நாளில் நான் பார்த்ததில்லை, வாய்விட்டுச் சிரிக்கிறேன். இது பக்கிரிசாமி அண்ணனுக்குப் பிடிக்காது என்று தெரியும். பதினொன்றும் தவறு என்று அவரிடம் சொல்லியாக வேண்டும் என்றும் தெரியும், சொன்னால் காலண்டரும் போகும், அந்தியைத் தேடி வருகிற மற்றவர்களும் போவார்கள். இருந்தும் சிரிக்கிறேன்.

ரோட்டில் கார் வந்து நிற்கிறது. பக்கிரிசாமி அண்ணன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வரப்பில் வருகிறார், எழுபது வயது, கனத்த உடம்பு, காலால் தடவித் தடவி அடி வைக்கிறார். “முடிஞ்சுதா டீச்சர், மத்தியானம் சிவகாசிக்கு ஆளு கெளம்புறான்” என்று சொல்லிக்கொண்டே என் தோளுக்கு மேல் குனிந்து பார்க்கிறார். பார்த்துக்கொண்டே இருக்கிறார். “என்ன டீச்சர் இது. வெளுத்துப்போயிருக்கு. நம்ம வெயிலு எங்க?” சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும், ஒரே மூச்சில். “அந்த வெயிலு வயல்ல இல்லண்ணே, என் கண்ணுல இருந்துச்சு. புரை. எடுத்தாச்சு. பதினொண்ணும் தப்பு, எனக்குக் கொஞ்சம் நாள் குடுங்க, திரும்பப் போட்டுத் தர்றேன்.” அவர் முகம் சிவந்துவிட்டது. “தப்புன்னு யாரு சொன்னா? நான் பொறந்ததுலேருந்து பாக்குற வயலு. அச்சு அசலா அப்படியேதான் இருக்கு. இதுதான் தப்பு. இந்தத் தண்ணில ஏது நீலம்?” “அங்க பாருங்க, வாய்க்கால.” பார்த்தார். “மண்ணுத் தண்ணி” என்றார். பிறகு யாரிடமோ சண்டை பிடிக்கிற மாதிரி, “எல்லாப் பயலும் இப்படித்தான் பேசுறானுவ. மில்லுல புது மெஷின் போட்டும் அரிசி மஞ்சளாத்தான் விழுது. இன்னொரு தரம் பாலீஷ் போடுடான்னா, வெள்ளையாத்தான் மொதலாளி இருக்கு, இதுக்கு மேல போட்டா குருணையாயிடும்ங்குறான் மேஸ்திரி. வாங்குற யாவாரியும் அவனோட சேந்துக்கிட்டு வெள்ளைங்குறான். நான் என்ன குருடனா?”

திரும்பி இவரைப் பார்த்தேன், இவர் தன் வேட்டியைப் பார்த்தார். இத்தனை வருடம் இந்த ஊரில் என் படத்தை அச்சு அசல் என்று சொன்னது இந்த ஒரே மனுஷர்தான். “அண்ணே” என்றேன், குரலை எவ்வளவு இறக்க முடியுமோ அவ்வளவு இறக்கி, “இவரு கட்டியிருக்குற வேட்டி என்ன கலரு?” “வெள்ளை” என்றார் யோசிக்காமல். “பளிச்சுன்னு இருக்கு. என் வீட்டுலதான் ஒருத்தருக்கும் இப்படித் தோய்க்கத் தெரியல.” அவர் எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்தார், வேட்டியைப் பார்த்தார், வாய்க்காலைப் பார்த்தார். மில் நடத்துகிறவர், ஆளைப் பார்த்தே சரக்கு சொல்லுகிறவர், அவருக்கு விளக்கிச் சொல்ல ஒன்றும் இல்லை. ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடிப் பார்த்தார், மறு கண்ணை மூடிப் பார்த்தார், இரண்டிலும் மண்ணுத் தண்ணிதான் போலிருக்கிறது.

“வலிச்சுதா, டீச்சர்?” என்றார்.

“இல்லண்ணே. ஊசி போடுறப்ப மட்டும் லேசா.”

தலையை ஆட்டிக்கொண்டார். ஈரம் காயாத படத்தை இரண்டு கையாலும் ஓரத்தைப் பிடித்து வாங்கிக்கொண்டார். “கார்த்திகைக்கு இதையே அனுப்புறேன். மத்தது பதினொண்ணும் இருக்குறபடி இருக்கட்டும், திரும்பப் போட வேணாம். நான் பாத்தது அதுதான டீச்சர்.” போகத் திரும்பினவர் போகவில்லை. எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, படத்தைப் பிடித்தபடியே, வயலைப் பார்த்துப் பேசினார். “எங்க வீட்டுல நீலக்கல் தோடு ஒண்ணு வச்சிருந்தா. அவ அம்மா போட்டு அனுப்புனது. கல்லு கறுத்துப்போச்சு, காதுல கரியாட்டம் இருக்குன்னு போன தீவாளிக்கு அத அழிச்சு, செவப்பு வச்சுக் கட்டிக் குடுத்தேன். நல்லாத்தானே இருக்குன்னு அழுதா. ஒனக்குக் கண்ணு தெரியலடின்னு திட்டுனேன்.”